டார்கெட் அட்டைக்கும் குடோன் எலிக்கும் ஒரே ஏர் ரைபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

நெல் குடோனில் எலித் தொல்லை இருக்கிறது, ஓய்வு நேரத்தில் பத்து மீட்டரில் அட்டை வைத்துச் சுட்டுப் பழகவும் ஆசை. இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி போதுமா, பெட்டியில் ‘1000 அடி வேகம்’ என்று போட்டிருக்கும் மாடலை எடுக்கலாமா என்பது கேள்வி.

ஒன்றே போதும். அந்த 1000 அடி மாடல் வேண்டாம். 4.5 மி.மீ. காலிபர் (குழல் துளையின் அளவு), 10 முதல் 15 ஜூல் சக்தி, இரண்டு கட்ட டிரிகர், பூட்டில் ஆட்டம் இல்லாத பேரல் (குழல்) ஆகியவை இருந்தால் இரண்டு வேலையும் நடக்கும்.

முதலில் சட்டம், ஏனென்றால் காலிபரை அதுதான் முடிவு செய்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, காலிபர் 4.5 மி.மீ.க்குள்ளும் வாய்முனைச் சக்தி (குண்டு பேரலை விட்டு வெளியேறும்போது உள்ள சக்தி) 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் எலிக்கும் முயலுக்கும் 5.5 மி.மீ. தான் நல்லது என்று சொல்வார்கள். அங்கே அது சரி. இங்கே உரிமம் இல்லாமல் அதை வைத்திருக்க முடியாது. கடைக்குப் போகும்போது அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டு போங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது அந்த 1000 அடிக் கணக்கைப் பார்ப்போம். விநாடிக்கு 1000 அடி என்றால் சுமார் 305 மீட்டர். சாதாரணமாகப் பயன்படும் ஈய பெல்லட்டின் (ஏர் ரைபிள் குண்டின்) எடை 0.55 கிராம் அளவு. அதை அந்த வேகத்தில் அனுப்பினால் சக்தி 25 ஜூலைத் தாண்டிவிடும், துப்பாக்கியும் உரிமம் தேவைப்படும் வகைக்குப் போய்விடும். உரிமம் இல்லாமல் விற்கும் மாடலில் அந்த எண் எப்படி வந்தது? 0.35 கிராம் மாதிரி மிக இலேசான, ஈயமில்லாத பெல்லட் போட்டு அளந்தால் வரும். அப்போது சக்தி 16 ஜூல்தான். நீங்கள் சுடப்போவது அந்த பெல்லட்டை அல்ல. 20 ஜூல் எல்லைக்குள் 0.55 கிராம் பெல்லட் எட்டக்கூடிய உச்ச வேகமே விநாடிக்கு 270 மீட்டர் அளவுதான்.

அதிக வேகம் துல்லியத்துக்கு நேரடியாகவே எதிரி. பெல்லட்டின் இடுப்பு ஒடுங்கிப் பாவாடை விரிந்த வடிவம் ஒலியின் வேகத்துக்குக் கீழே பறப்பதற்கானது. விநாடிக்கு 340 மீட்டரை நெருங்கும்போது காற்றின் அழுத்தம் மாறி பெல்லட் தடுமாறும், சத்தமும் வெடிக்கும். 170 முதல் 270 மீட்டர் வரைதான் இதன் நல்ல வட்டாரம். ஒலிம்பிக் பத்து மீட்டர் ரைபிள்கள் 0.53 கிராம் பெல்லட்டை விநாடிக்கு 170, 175 மீட்டரில் அனுப்புகின்றன, அதாவது 8 ஜூல். அந்த அட்டையில் பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி, கறுப்பு வட்டம் முழுவதுமே 30.5 மி.மீ.தான். அவ்வளவு நுணுக்கமான போட்டிக்கே 8 ஜூல் போதுமானதாக இருக்கிறது.

ஸ்பிரிங் ரைபிளில், அதாவது ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தி பெல்லட்டை அனுப்பும் வகையில், அதிக சக்திக்கு இன்னொரு விலையும் உண்டு. டிரிகரை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னே பாய்கிறது, துப்பாக்கி பின்னே நகர்கிறது. பிஸ்டன் சிலிண்டரின் முடிவில் காற்று மெத்தையில் மோதியதும் துப்பாக்கி முன்னே இழுபடுகிறது. இவ்வளவும் பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் நேரத்தை ஒட்டியே நடந்துவிடுகிறது. பிஸ்டனின் விசை கூடக்கூட இந்த ஆட்டமும் கூடும், நீங்கள் பிடிக்கும் விதத்தில் வரும் சின்ன மாற்றமும் அட்டையில் பெரிதாகத் தெரியும். 12 ஜூல் ஸ்பிரிங் ரைபிளில் ஒரு புதியவர் ஒரு வாரத்தில் நல்ல குரூப் போடுவார். அதே ஆள் 20 ஜூல் ஸ்பிரிங் ரைபிளில் மாதக்கணக்கில் திணறுவார்.

குரூப் என்பது ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட ஐந்து துளைகளில், மிகத் தள்ளி இருக்கும் இரண்டின் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம். நடுத்தர விலையில் நல்ல ஸ்பிரிங் ரைபிள், தாங்குமேடை வைத்து, பத்து மீட்டரில் 5 முதல் 8 மி.மீ. கொடுக்க வேண்டும். எலியின் தலையில் உயிர்நிலை இருக்கும் இடம் சுமார் 15 முதல் 20 மி.மீ. ஆகவே எத்தனை மீட்டர் வரை எலியைச் சுடலாம் என்பதை ஜூல் சொல்லாது. குடோனில் நிற்கும் அதே நிலையில், உட்கார்ந்தோ முட்டி போட்டோ, ஐந்துக்கு ஐந்தும் 20 மி.மீ. வட்டத்துக்குள் எந்தத் தூரம் வரை விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது 12, 15 மீட்டரில் நின்றுவிடும். குடோனுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

இனி இயங்கும் முறை. பிரேக் பேரல் ஸ்பிரிங் ரைபிள்தான் எளிது. பேரலை மடக்கினால் ஸ்பிரிங் ஏறும், பெல்லட் வைத்து மூடிச் சுடலாம். பம்ப் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், பத்து வருடம் கழித்தும் ஒரு ஸ்பிரிங்கும் சீலும் மாற்றினால் ஓடும். அதன் பலவீனம் பேரல் பூட்டு. மூடும் ஒவ்வொரு முறையும் பேரல் அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். அண்டர்லீவர் வகையில் பேரல் அசையாது, கீழே இருக்கும் நெம்புகோல்தான் ஸ்பிரிங்கை ஏற்றும். அதனால் துல்லியம் ஒரு படி மேல், எடையும் ஒரு படி மேல். கேஸ் ராம் வகையில் ஸ்பிரிங்குக்குப் பதில் அடைபட்ட வாயு. முறுக்கு அதிர்வு இல்லை, காக் செய்து (சுடத் தயாராக ஏற்றி) சற்று நேரம் வைத்திருந்தாலும் தளராது. ஆனால் சுடும்போது வரும் அடி கூர்மையானது, வாயு கசிந்தால் வீட்டில் சரிசெய்ய முடியாது. சக்தி குறைந்த ஜெர்மன் எச்டபிள்யூ 30எஸ் ஸ்பிரிங் ரைபிள் உலகம் முழுக்க இத்தனை பேருக்குப் பிடித்திருக்கக் காரணம் அதன் வேகம் அல்ல, ‘ரெக்கார்ட்’ எனப்படும் இரண்டு கட்ட டிரிகரும் அடக்கமான பிஸ்டனும்தான். இந்தியத் தயாரிப்புகளைப் பார்க்கும்போதும் அதே அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

பிசிபி எனப்படும் முன்கூட்டியே காற்று நிரப்பும் ரைபிளில் பிஸ்டன் அடியே கிடையாது. கையில் பிடித்த இடத்திலேயே நிற்கும், துல்லியத்தில் புதியவருக்கு மிகவும் உதவும். செலவு துப்பாக்கியோடு முடியாது. 200 பார் (அழுத்த அளவு) வரை ஏற்றும் கைப்பம்ப், ஈரம் வடிகட்டி, அவ்வப்போது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) என்று தொடரும். ரெகுலேட்டர் (ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் காற்றை விடும் கருவி) உள்ளதாக வாங்குங்கள். ரெகுலேட்டர் இல்லாத பிசிபியில் சிலிண்டர் முழுதாக இருக்கும்போது வேகம் குறைவாகவும், அழுத்தம் இறங்க இறங்கக் கூடி, பிறகு மறுபடி குறைவதாகவும் இருக்கும். அப்படி ஒன்று கையில் இருந்தால் எந்த பாரிலிருந்து எந்த பார் வரை வேகம் சமமாக இருக்கிறது என்று அளந்து, அந்த இடைவெளிக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். சிலிண்டரில் ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றக்கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து வெடிக்கும். காய்ந்த காற்று மட்டும்.

சிஓ2 குப்பி போடும் துப்பாக்கிகள் நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தாது. 20 டிகிரியில் குப்பி அழுத்தம் சுமார் 57 பார், 30 டிகிரியில் 72 பார். காலையில் சரி செய்த குறி மதியம் இருக்காது.

கடையில் துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் செய்ய வேண்டிய சோதனைகள் சில. பெல்லட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பேரலைக் கால்வாசி மடக்கி இடவலமாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கீல் அச்சு திருகாணியா, அடித்து இறுக்கிய ஊசியா என்றும் பாருங்கள். திருகாணியாக இருந்தால் பின்னாளில் தளரும்போது இறுக்கலாம். ஊசியாக இருந்தால் வந்த ஆட்டம் வந்ததுதான். பேரல் வாயில் ஒரு பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு வெளியே சுற்றி எடுங்கள். நூல் எங்காவது மாட்டினால் அந்த விளிம்பில் பிசிறு இருக்கிறது, பெல்லட் வெளியேறும் கடைசித் தருணத்தில் ஒரு பக்கம் இடிக்கும். டிரிகரில் முதல் கட்டம் இலேசாக வந்து ஓரிடத்தில் தெளிவாக நிற்க வேண்டும், அங்கிருந்து இழுவையே தெரியாமல் விடுபட வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் இழுத்தால்தான் சுடும் டிரிகர், எவ்வளவு நல்ல பேரல் இருந்தாலும் குரூப்பைக் கெடுக்கும். 500 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை பழகுவதற்கு நல்ல எடை. கடைக்காரர் வெறும் துப்பாக்கியைச் சுட்டுக் காட்ட முயன்றால் தடுங்கள். ஸ்பிரிங் ரைபிளை பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் இரும்பில் போய் அடித்து சீல் நசுங்கும்.

சுட்டுப் பார்க்க அனுமதித்தால் பேரல் சேரும் இடத்தின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ காகிதம் வைத்துச் சுடுங்கள். காகிதம் பறந்தால் சீல் கசிகிறது. குரோனோகிராப் (வேகம் அளக்கும் கருவி) கிடைத்தால் பத்து முறை சுட்டு அளந்து பாருங்கள். ஸ்பிரிங் ரைபிளில் வேகத்தின் கூடுதல் குறைவு விநாடிக்கு 4, 5 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. 10 மீட்டருக்கு மேல் என்றால் சீலோ எண்ணெயோ பிரச்சினை. புதுத் துப்பாக்கியில் முதல் சில நூறு சுடு வரை எண்ணெய் எரிந்து புகையும், வேகம் தாறுமாறாக இருக்கும். அது அடங்குவதற்கு முன் துப்பாக்கியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒவ்வொரு சுடுக்கும் டப்பென்று வெடித்துப் புகை வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரில் எண்ணெய் அதிகம், அதை விட்டுவைத்தால் சீலும் ஸ்பிரிங்கும் போகும்.

துப்பாக்கிக்குச் செலவழித்துவிட்டு பெல்லட்டில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் அதிகம். துல்லியம் நிறைய அங்கேதான் போகிறது. ஒவ்வொரு பேரலுக்கும் பிடித்த பெல்லட் வேறு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு துப்பாக்கிகளே வேறு வேறு பெல்லட்டை விரும்பும். அட்டைக்கு மூக்குத் தட்டையான பெல்லட். காகிதத்தில் வட்டமாக வெட்டித் துளைக்கும், எண்ணுவது எளிது. பத்து மீட்டர் தாண்டினால் மூக்கு உருண்ட டோம் வகைதான் நேராகப் போகும். கூர்மூக்கு வகையைக் கடைக்காரர் ‘வேட்டைக்கு’ என்று கொடுப்பார். அந்த முனை மையத்தில் சரியாக அமைவது அரிது, குரூப் விரியும். வாங்க வேண்டாம். ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 0.547 கிராம், எச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் டிராபி, ஆர்டபிள்யூஎஸ் சூப்பர்டோம், கூடவே ஒரு நல்ல தட்டை மூக்கு என நான்கு டப்பா வாங்கி ஒவ்வொன்றிலும் ஐந்து குரூப் சுடுங்கள். பெல்லட் மாற்றியதும் முதல் இருபது முப்பது சுடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பேரலுக்குள் பழைய ஈயப் படிவு மாறி அமைய அவ்வளவு ஆகும். தலை அளவு 4.50, 4.51, 4.52 என்று டப்பாவில் இருக்கும். விரலால் வைக்கும்போது தானாக நழுவி உள்ளே விழுந்தால் சிறிது, அழுத்தினாலும் பாவாடை வெளியே துருத்தி நின்றால் பெரிது. சுட்ட பெல்லட்டை எடுத்து மறுபடி போடுவதும், இரும்பு பிபி குண்டு போடுவதும் பேரலின் உள்வரிகளை நாசமாக்கும்.

குறி பார்க்கும் கருவியில் இரண்டு வேலையும் பிரிகின்றன. அட்டைக்குப் பீப் சைட் (சிறு துளை வழியாகக் குறி பார்ப்பது) அருமையானது. ரைபிள் கிளப்பில் சேர்ந்து போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஸ்கோப்பில் பழகாதீர்கள், ஓப்பன் சைட்டிலோ (லென்ஸ் இல்லாத சாதாரணக் குறி) பீப் சைட்டிலோதான் தொடங்க வேண்டும். சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் கிளப்புகள் உள்ளன. வாங்குவதற்கு முன் அங்கே இரண்டு மூன்று துப்பாக்கிகளைத் தோளில் வைத்துப் பார்ப்பது மிகவும் பயன்படும். குடோனின் மங்கல் வெளிச்சத்தில் எலிக்கு ஸ்கோப் வேண்டும். ஸ்பிரிங் ரைபிளுக்கு அதற்கென்றே செய்த ஸ்கோப்தான் தாங்கும். பின்னேயும் முன்னேயும் இரண்டு பக்க அடி இருப்பதால், பெரிய ரைபிளுக்கான விலை உயர்ந்த ஸ்கோப்பின் கண்ணாடிகூட உள்ளே கழன்றுவிடும். பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகரும் பிழை) 10 மீட்டர் வரை சரிசெய்யக்கூடியதாக இருக்கட்டும். பெரும்பாலான சாதாரண ஸ்கோப்புகள் 90 மீட்டர் வாக்கில் அமைத்தவை. அவற்றில் பத்து மீட்டரில் உருவம் மங்கும், கண் சற்று நகர்ந்தாலே குறியும் நகரும். 3-9 பெருக்கம் தாராளம். மவுண்ட் (ஸ்கோப்பைப் பிடிக்கும் கவ்வி) ஒரே துண்டாகவும், துப்பாக்கி மேலுள்ள தண்டவாளத் துளையில் இறங்கும் நிறுத்தூசி உள்ளதாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கோப் ஐம்பது சுடுக்குள் பின்னே ஊர்ந்துவிடும்.

குடோனில் தவறும் சுடுகளில் நிறைய இந்தக் கணக்குத் தெரியாததால்தான். ஸ்கோப்பின் மையம் பேரலுக்கு 45 மி.மீ. மேலே இருக்கிறது. வேகம் விநாடிக்கு 240 மீட்டர் என்று வைத்து, 20 மீட்டரில் குறி சரிசெய்தால் பத்து மீட்டரில் பெல்லட் சுமார் 12 மி.மீ. கீழே விழும். ஐந்து மீட்டரில் 26 மி.மீ. கீழே. அருகில் இருக்கிறது, தவறாது என்று நினைத்துச் சுட்ட எலியின் தாடைக்குக் கீழே போகும். 12 மீட்டரில் குறி சரிசெய்தால் 8 மீட்டரில் 12 மி.மீ. கீழே, 16 மீட்டரில் 8 மி.மீ. மேலே. குடோனுக்கு இந்த இரண்டாவது ஏற்பாடுதான் நல்லது. உங்கள் துப்பாக்கிக்கான எண்களை 5, 8, 10, 12, 15 மீட்டரில் சுட்டுப் பார்த்து ஒரு சீட்டில் எழுதி துப்பாக்கியின் அடிக்கட்டையில் ஒட்டிவிடுங்கள்.

ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. முன்கை உள்ளங்கையை விரித்து அதன்மேல் துப்பாக்கியைச் சும்மா கிடத்துங்கள், தோளில் இலேசாகப் படட்டும், அது விருப்பப்படி பின்னே வந்து முன்னே போகட்டும். உள்ளங்கை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்க வேண்டும். மேசை விளிம்பிலோ மூட்டை மேலோ முன்கட்டையை நேராக வைத்தால் குறி மேலே தாவும். நன்றாக இருந்த குரூப் திடீரென்று விரிந்தால் முதலில் அடிக்கட்டைத் திருகாணிகளையும் மவுண்ட் திருகாணிகளையும் பாருங்கள். பத்தில் எட்டு முறை அங்கேதான் காரணம் இருக்கும். பெல்லட் வைக்கும்போது ஒரு கை பேரலையோ நெம்புகோலையோ விடாமல் பிடித்திருக்க வேண்டும். தவறி விடுபட்டால் விரல் துண்டாகும்.

எலி விஷயத்துக்கு வருவோம். எதைச் சுடலாம் என்பதில் பழைய நினைப்பு பலரிடம் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவை தீங்கு விலங்குகளாக இருந்தன. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டுவிட்டது, திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆகவே ‘காகம் சுட்டால் கேட்க ஆளில்லை’ என்ற பேச்சு இனிச் செல்லாது. மயில், கிளி, உடும்பு, கீரி, முயல் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை, பயிரைத் தின்றாலும் சரி. நாய், பூனையைச் சுடுவது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலும் பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆம் பிரிவிலும் குற்றம். காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் ஏர் ரைபிளை எடுப்பது சட்டமீறல் மட்டுமல்ல, கொடுமை. தோலுக்குள் ஈயத்தோடு புண்ணழுகி நாள்கணக்கில் சாகும். கட்டடத்துக்குள் வரும் வீட்டு எலி, பெருச்சாளி, இவ்வளவோடு நிறுத்துங்கள்.

வீட்டு எலிக்குத் தலையில் 5, 6 ஜூல் போதும். பெருச்சாளி ஒரு கிலோ வரை வளரும், மண்டையோடும் தடிப்பு. அதற்கு இன்னும் கூடுதல் சக்தி வேண்டும், கண்ணுக்கும் காதுக்கும் இடையே பட வேண்டும். ஓடும் எலியைச் சுடாதீர்கள். அது உத்திரத்திலோ சுவரோரத்திலோ நின்று மோப்பம் பிடிக்கும் இரண்டு விநாடிதான் வாய்ப்பு. சிவப்பு வடிகட்டி போட்ட டார்ச்சுக்கு எலி அதிகம் மிரளாது.

பின்னால் என்ன இருக்கிறது என்பதை எலியைப் பார்ப்பதற்கு முன் பாருங்கள். சிமென்ட் தளத்தில் சாய்வாகப் பட்ட பெல்லட் தெறித்து வரும், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுடவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகரம், மின்கம்பி இருக்கும் பக்கம் வேண்டாம். திறந்த கதவு வழியாக வெளியே போகும் பெல்லட் முந்நூறு மீட்டரும் தாண்டும். இதையெல்லாம்விட முக்கியம், நெல் மூட்டை பக்கம் சுடக்கூடாது. ஈயம் உணவில் கலக்கும் பொருள் அல்ல. எலி வரும் தடத்தில் மூட்டைகளை விலக்கி ஓர் இடத்தைக் காலியாக்கி, அதன் பின்னால் துணிக் கழிவு நிறைத்த மரப்பெட்டியை நிறுத்தி, முன்னே கொஞ்சம் இரை வையுங்கள். அந்த ஒரே இடத்தில், அளந்து வைத்த ஒரே தூரத்தில் மட்டும் சுடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் துப்பாக்கியால் மட்டும் எலித்தொகை குறையாது. ஓர் இரவில் நீங்கள் சுடுவதைவிட அவை பெருகும் வேகம் அதிகம். கதவடி இடைவெளியைத் தகடு வைத்து அடையுங்கள், ஓட்டைகளில் கண்ணாடித்தூள் கலந்த சிமென்ட் பூசுங்கள், மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள், சுவரோரம் அடிப்பொறிகளை வையுங்கள். வயலில் தொல்லை என்றால் டெல்டாவில் வைக்கும் தஞ்சாவூர் கிட்டியும் (மூங்கில் வில்பொறி), வளையில் புகைபோட்டுப் பிடிக்கும் இருளர்களின் கைத்திறனும் எந்த ஏர் ரைபிளையும்விட வேலை செய்யும். பொறிக்குச் சிக்காமல் தப்பும் ஒன்றிரண்டு கிழட்டு எலிகளுக்குத்தான் துப்பாக்கி.

செத்த எலியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரில் பரவும். ஆழமாகப் புதையுங்கள், நாய்க்குப் போடாதீர்கள், உள்ளே ஈயம் இருக்கும். சுட்டு முடித்ததும் சாப்பிடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துப்பாக்கியின் வெளி இரும்பை எண்ணெய்த் துணியால் துடைத்து, ஸ்பிரிங்கை இறக்கிய நிலையில் பூட்டி வையுங்கள். பெல்லட் டப்பா வேறு இடத்தில், சாவி உங்களிடம்.